வயல் இல்லாத பெயர்

"துண்டு, துண்டு. அந்தத் துண்டைத் தண்ணிக்குள்ள விடாதீங்கம்மா. தலையில வெச்சுக்குங்க, இல்லாட்டி ஓரத்துல வைங்க. தொட்டி உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் பொது."

இதைச் சொல்லும்போது நிஷியுரா தோக்கிகோ கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை. குளியல் கூடத்தின் கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற அந்தக் கண நேரத்தில், ஆவிக்கு நடுவே, யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு கையிலிருக்கும் பின்னல் வேலையைத் தொடர்வாள்.

அமாகசாகி நகரத்தில் எஃகு ஆலைகளுக்குப் பின்னால், ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது மாட்சு குளியலகம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உயரமாகப் போட்ட மர இருக்கையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறி உட்காருவாள். வயது அறுபத்தெட்டு. குள்ளம். மேலே சிறுத்தைப்புலிப் புள்ளி போட்ட சட்டை, கீழே கறுப்புக் கால்சராய், முடிக்கு லேசான ஊதாச் சாயம். கணவர் எஃகு ஆலையில் பாரந்தூக்கி ஓட்டினவர், போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த இருக்கையில் அவள் உட்காரத் தொடங்கியது முப்பது வயதுக்குள். அந்தப் பேட்டையில் அவள் முன்னால் உரியப்படாத சட்டை கிடையாது. யாருக்கு எங்கே மச்சம், யாருக்கு எந்த ஆபரேஷன் தழும்பு, யார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து வெந்நீரில் அதிக நேரம் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து ஜப்பானைப் பார்த்து வியக்க வைக்கிற நிகழ்ச்சி எந்தச் சேனலில் எப்போது வரும் என்பது தோக்கிகோவுக்கு மனப்பாடம். "பாருங்க, அந்த வெள்ளைக்காரன் கண்ணுல தண்ணி. எதைப் பார்த்துங்கறீங்க? நம்ம ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறையைப் பார்த்து. அவங்க ஊர்ல என்ன கஷ்டமோ, பாவம்." விளையாட்டு மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் நம் ரசிகர்கள் குப்பை பொறுக்குவதைக் காட்டினால் ஒலியைக் கூட்டிவைப்பாள். உலகத்தில் நான்கு பருவமும் ஒழுங்காக வருவது இங்கே மட்டும்தான் என்பாள். நம்மவர்களின் குடல் மற்றவர்களுடையதைவிட நீளம், அதனால்தான் அரிசியும் காய்கறியும் நமக்கு ஒத்துப்போகிறது என்பாள். பூச்சி கத்துவது நமக்குப் பாட்டாகக் கேட்கிறது, மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல் என்பாள். இதில் எதையும் சண்டைக்கு நிற்பதுபோல் சொல்லமாட்டாள். நல்ல வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள். விடுமுறை நாட்களில் வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு கொடி கட்டுவாள். தேர்தல் நாளில் சீவி முடித்து, கல்யாணத்துக்குப் போகிறவள்போல் உடுத்திக்கொண்டு ஓட்டுப் போடப் போவாள்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து முதல் வாளி தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்கிற விதத்தை வைத்தே அவள் நம் ஆளா, வெளியாளா என்று சொல்லிவிடுவாள்.

"பக்கத்துல இருக்கிறவ மேல ஒரு துளி தெறிக்கக்கூடாது. தோளை ஒட்டி ஊத்தணும். இதெல்லாம் யாரும் சொல்லிக்குடுத்து வராது, ரத்தத்துல வரணும்." போன வருஷம் சாப்பாட்டுப் பெட்டி ஆலையில் வேலைக்கு வந்த வியட்நாம் பெண்கள் நான்கு பேர் சிரித்துக்கொண்டே தண்ணீரை வாரி இறைத்தபோது, அவர்களை நிறுத்திவைத்து, குளித்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் கைகாட்டினாள். "அதோ ஹாருவைப் பாருங்க. அப்படித்தான் ஜப்பான்காரி குளிப்பா. பார்த்துக் கத்துக்குங்க."

கைகாட்டப்பட்டவள் யாசுதா ஹாருகோ. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல், கண்ணாடி வழியாகத் தோக்கிகோவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

ஹாருகோ தோக்கிகோவுக்கு ஒரு வயது மூத்தவள். அதே சாப்பாட்டுப் பெட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய இரும்பு வியாபாரம் செய்த அண்ணன் ஷோக்கிச்சியோடு, அவர் குடோனுக்கு மேலே இருந்த வீட்டில் குடியிருந்தாள். தினமும் ஆறு மணிக்குக் குளியலக முதலாளியின் மனைவி வந்து இருக்கையில் உட்காருவாள். தோக்கிகோ இறங்கிக் குளிக்கப் போவாள். ஹாருகோ அதற்காகவே காத்திருப்பாள். இவள் அவளுக்கு முதுகு தேய்ப்பாள், அவள் இவளுக்கு. பிறகு இருவரும் கழுத்தளவு வெந்நீரில் இறங்கி, ஊர்க்கதை பேசித் தீர்ப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக இப்படி. தோக்கிகோவின் கணவர் செத்தபோது அழுததும் இந்தத் தொட்டியில்தான். ஹாருகோவுக்கு மார்பில் கட்டி வந்தபோது முதலில் தொட்டுப் பார்த்துச் சொன்னவள் தோக்கிகோதான்.

ஷோக்கிச்சி அண்ணன் ஆண்கள் பக்கத்தில் பழைய பாட்டுகளைக் கட்டைக் குரலில் பாடுவார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தோக்கிகோ, "அண்ணே, ஸ்ருதி சந்துக்கு அந்தப் பக்கம் ஓடிடுச்சு" என்று குரல் கொடுப்பாள். "புடிச்சு வெய்யுங்க, வர்றேன்" என்று பதில் வரும். இடித்த வீடுகளின் மரத்தைக் கொதிகலனுக்கு என்று லாரியில் கொண்டுவந்து சும்மா போட்டுவிட்டுப் போவார்.

இந்த வசந்தத்தில் அவர் செத்துப்போனார். நுரையீரல். சொல்லிவைத்துப் போனதுபோல், வலியில்லாமல் போனார் என்று ஹாருகோ போனில் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாளைக்கு வர்றியா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். வராமல் இருப்பாளா என்ன, இதை ஏன் கேட்கிறாள் என்று தோக்கிகோ நினைத்தாள்.

மறுநாள் காலை, கறுப்பு உடையும் ஒற்றைச் சர முத்துமாலையும் அணிந்து, வரவேற்பு மேசையில் உதவலாம் என்று எல்லாருக்கும் முன்னதாகவே இறுதிச் சடங்கு மண்டபத்துக்குப் போனாள். வாசலில் ஆளுயர வெள்ளைப் பலகை. எந்த வீட்டுச் சாவு என்று தூரிகையால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தோக்கிகோ அதைத் தாண்டி இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

யாசுதா என்பது இரண்டு எழுத்து. முதல் எழுத்து அமைதி. இரண்டாவது எழுத்து வயல். பலகையில் முதல் எழுத்து மட்டும்தான் இருந்தது. வயலைக் காணவில்லை. அந்த முதல் எழுத்தைத் தனியாக நிறுத்தினால் மலிவு என்றும் படிக்கலாம். சந்தைக்கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் போடுகிற எழுத்து அது.

தோக்கிகோவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உள்ளே போய், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பூங்கொத்துகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த மண்டபத்து ஊழியரைப் பிடித்தாள்.

"ஏங்க, இங்க யாருங்க பொறுப்பு?"

"நான்தாம்மா. சொல்லுங்க."

"பலகையில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. வயல் எங்க?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"யாசுதால ரெண்டாவது எழுத்துங்க. பாதிப் பேரை எழுதி நிறுத்தி வெச்சிருக்கீங்க. செத்தவர் வீட்டு வாசல்ல மலிவுன்னு எழுதுவாங்களா? அவர் யாரு தெரியுமா? இந்தப் பேட்டைக்கே அண்ணன்."

"வீட்டுக்காரங்க குடுத்தபடிதான்மா எழுதினோம்."

"குடுத்தவங்க துக்கத்துல இருந்திருப்பாங்க. நீங்க பார்க்க வேண்டாமா? இது ஜப்பான்ங்க. இங்க வேலை இப்படி நடக்காது. வேற நாட்டுல நடக்கும், இங்க நடக்காது. தூரிகையைக் கொண்டாங்க, நானே எழுதறேன்."

அவள் குரல் சாதாரணமாகவே குளியல் கூடத்தின் மறுகோடி வரை போகும். மண்டபத்தில் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர்களில் பாதிப்பேரைத் தோக்கிகோவுக்குத் தெரியாது. முன்வரிசையில் வயதான பெண்கள் சிலர் வெள்ளை வெளேரென்று, மார்புக்கு மேலிருந்து தரைவரை விரிகிற பாவாடை கட்டியிருந்தார்கள்.  யாரும் கோபப்படவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்காக வெட்கப்பட்டது போல இருந்தது.

பக்கத்து அறைக் கதவு தள்ளித் திறந்தது. ஹாருகோ வந்தாள். அவளும் அந்த வெள்ளை உடையில் இருந்தாள். தலையில், காதுக்கு மேலே, வெள்ளை நாடா குத்தியிருந்தது. தினமும் உடம்பு முழுக்கப் பார்த்த மனுஷியை அந்த உடையில் தோக்கிகோவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"விடுடி, தோக்கி. எழுத்து சரியாத்தான் இருக்கு."

"வயல் எங்கடி?"

"வயல் எங்களுக்கு என்னைக்கும் இருந்ததில்ல. பின்னால சேர்த்துக்கிட்டதுதான். அந்த எழுத்தை 'யாசு'ன்னு படிக்காத. 'அன்'னு படி."

தோக்கிகோ மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். குளித்து முடித்துப் பால்காப்பி குடிக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. கீழே எழுதியிருந்த பெயர், ஷோக்கிச்சி என்று எழுதுகிற அதே இரண்டு எழுத்துதான். ஆனால் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருந்தது: அன் சாங்-கில். கொரியப் பெயர்.

அவளுக்குப் பின்னால், முன்வரிசைக் கிழவிகளில் ஒருத்தி தரையில் சரிந்து உட்கார்ந்து, கைகளால் தரையைத் தட்டிக்கொண்டு குரல் எடுத்தாள். "ஐகோ... ஐகோ..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தோக்கிகோ அறிந்த சாவு வீடுகளில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுவார்கள். இப்படி அடிவயிற்றிலிருந்து எழும் ஓலத்தைத் தோக்கிகோ டிவியில்தான் கேட்டிருக்கிறாள். கேட்டு, ஒலியைக் குறைத்திருக்கிறாள். இப்போது அந்த ஓலத்தில் அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்றும் கலந்தது. ஹாருகோ படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, வாய் திறந்து, பொத்தாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது தோக்கிகோவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஊதுபத்தி வைத்தாள். குனிந்தாள். யாரோ தேநீர் கொடுத்தார்கள். சவப்பெட்டி வண்டியில் ஏறும்வரைகூட நிற்காமல் வெளியே வந்து, வீட்டுக்குப் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நடந்து, கால்வாய்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.   

அன்றைக்குப் பிற்பகல் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், மூக்குக்கண்ணாடி போடாத கிழவர் ஒருவர் பெண்கள் பக்கம் திரும்பியதைக் கவனிக்கவே இல்லை. உள்ளே அலறல் கேட்ட பிறகுதான் எழுந்தாள். அவளுடைய காலத்தில் அப்படி நடந்ததில்லை.

முதலில் வந்தது கோபம்தான். அதை மறைப்பதற்கில்லை. நாற்பது வருஷம் முதுகைக் கொடுத்தவள், பெயரைக் கொடுக்கவில்லை. அவள் முதுகில் இடது தோளுக்குக் கீழே இருக்கும் மச்சம், கர்ப்பப்பை எடுத்த தழும்பு, கால் சுண்டுவிரல் வளைந்திருப்பது எல்லாம் எனக்குத் தெரியும். அவள் யார் என்பது மட்டும் தெரியாது. என்னை என்னவென்று நினைத்தாள்? இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் போயிற்று. ஹாருகோ குளிக்க வரவில்லை. ஆறு மணிக்கு இறங்கிப் போனால், தொட்டியைச் சுற்றியிருக்கும் படிக்கட்டில் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. தோக்கிகோ தன் முதுகைத் தானே தேய்த்துக்கொண்டாள். கை எட்டவில்லை.

மண்டபத்தில் நடந்தது பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. ஒருநாள் அரிசிக்கடை முரோயியின் மனைவி, காசை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏன் அக்கா, நீங்கதான் தண்ணி ஊத்துறதைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிருவீங்களே. எப்படி விட்டீங்க?"

தோக்கிகோ பின்னல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு. அவங்க பக்கத்துல போனா பூண்டு வாசனை. சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். இனிமே அவங்க வர்ற நேரம் என்னன்னு சொல்லிட்டீங்கன்னா, நான் கொஞ்சம் முன்னாடியே வந்து குளிச்சுட்டுப் போயிடுவேன். தொட்டி பொதுதானே, தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் முகத்தில் துளி வெறுப்பு இல்லை. நல்ல வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.  இந்தக் குரல் தோக்கிகோவுக்குத் தெரியும். இந்த நிதானம், இந்த 'தப்பா எடுத்துக்காதீங்க', இந்த இனிமை. வியட்நாம் பெண்கள் வந்துபோன பிறகு முதலாளியின் மனைவியிடம், "அதுங்க வர்றதுன்னா கடைசியா வரச் சொல்லலாமே, தண்ணி மாத்துற நேரமாப் பார்த்து" என்று சொன்னது யார்? பக்கத்தில் ஹாருகோ தலைமுடியை உலர்த்திக்கொண்டு நின்றாள் அப்போது. உலர்த்தும் மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்குமா, இருக்காதா என்று இதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கேட்டால் என்ன என்றுதான் இருந்தாள்.

   முரோயி மனைவிக்குத் தர வேண்டிய மிச்சக் காசை எண்ணித் தட்டில் வைத்தாள்.

மறுநாள் மதியம், குளியலகம் திறப்பதற்கு முன்னால், பயற்று மிட்டாய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு குடோனுக்குப் போனாள். இரும்புப் படியேறி மேலே போகும்போது, கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தது பழைய ஹாருகோதான். பழுப்பேறிய ஸ்வெட்டர், கழுத்தில் சமையல் துணி.

"வா. மூணு மணிக்குத் தொறக்கணுமே, நேரமாகலையா உனக்கு?"

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உள்ள வந்து கேளு. படியில நின்னு கேட்டா அடுத்த சந்து வரைக்கும் கேட்கும். உன் தொண்டை அப்படி."

தோக்கிகோ உள்ளே போய் உட்கார்ந்தாள். ஹாருகோ தேநீர் ஊற்றினாள். கை நிதானமாக இருந்தது. ஆனால் கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"எப்பச் சொல்றது?" என்றாள் ஹாருகோ.

"தினமும்தானே பார்க்கிறோம். என்னைக்கு வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்."

"தினமும் பார்க்கிறோம். நீ பேசிக்கிட்டே இருப்ப. நாலு பருவம்ப. குடல் நீளம்ப. இதுல எந்த இடத்துல குறுக்க பூந்து சொல்றது, நீயே சொல்லு. குடலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தோக்கிகோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே அவமானமாக இருந்தது.

"வேடிக்கை பண்ணாதடி. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"உன்னைப் பார்த்துச் சிரிக்குது. என்னைப் பார்த்து என்ன பண்ணுதுன்னு கேட்டியா? நேத்து அரிசிக்கடையில அவ சொல்றா, 'ஜப்பான் பாஷை ரொம்ப நல்லாப் பேசறீங்களே'ன்னு. அவ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து அவகிட்ட பேசிக்கிட்டிருக்கேன். இங்கதான் பொறந்தேன். எனக்கு வேற பாஷையே தெரியாது, தோக்கி. அன்னைக்கு மண்டபத்துல கேட்டியே, அதுதான் எனக்குத் தெரிஞ்ச கொரிய பாஷை மொத்தமும். அழறதுக்கு மட்டும் தெரியும்."

அதற்குப் பிறகு ஹாருகோ நிறுத்தவில்லை. குரலை உயர்த்தாமல், தேநீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் காலத்தில், இங்கேயே பிறந்த கொரியர்களையும் வெளிநாட்டுக்காரர் என்று பதிவு செய்வதற்கு நகராட்சி அலுவலகத்தில் விரலை மையில் உருட்டுவார்கள். "நீ கூடக் கேட்டியே, ஆள்காட்டி விரல்ல ஏன் பிளாஸ்திரின்னு. காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டேன்னு சொன்னேன். புதுசா ஒண்ணு ஒட்டிவிட்ட. மை போகல, அதான்."

தோக்கிகோவுக்கு நினைவிருந்தது. பார்த்து நறுக்கு என்று திட்டிக்கூட இருக்கிறாள்.

"தேர்தல் அன்னைக்குப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் உன்கூட வருவேன்ல."

"காலையிலேயே போட்டுட்டேன்னு சொல்லுவ."

"ஆமா. சொல்லுவேன்."

தோக்கிகோ கோப்பையைக் கீழே வைத்தாள். கோப்பை தட்டில் உட்காராமல் சாய்ந்து, தேநீர் பாயில் ஓடியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை. அத்தனை தேர்தலிலும் தான் உள்ளே போய்வரும்வரை, இவள் வாசல் செர்ரி மரத்தடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவள் கையில் இருந்தது தன்னுடைய கைப்பை.

"ஒரு தடவைகூடவா?"

"எங்களுக்கு ஏதுடி ஓட்டு? குடியுரிமை மாத்திக்கலாம்னு நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கல. அப்பா பேரை உயிரோட இருக்கும்போது மறைச்சாச்சு, அழிக்கவும் வேணாம்னான். சாகறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான், பலகையிலயாவது என் பேரைப் போடுன்னு. அதுக்குத்தான் உன்னை வர்றியான்னு கேட்டேன். பலகையைப் பார்த்துட்டு நீ பேசாம உள்ள வருவன்னு நினைச்சேன். இல்லாட்டி பேசாம திரும்பிப் போயிடுவ. ரெண்டுக்கும் தயாரா இருந்தேன். தூரிகை கேட்பன்னு நினைக்கல."

தோக்கிகோ முகத்தை மூடிக்கொண்டாள்.

"அங்க இருந்த கிழவிங்க எங்கிட்ட கேட்டாங்க, யாரு அந்தப் பொம்பளைன்னு. என் சிநேகிதின்னு சொன்னேன். அவங்க யாரும் நம்பல."  பிறகு ஹாருகோ, இதுவரை சொன்னதைவிட மெதுவாகச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன். ஹாருவைப் பாருங்க, அப்படித்தான் ஜப்பான்காரி குளிப்பான்னு நீ சொல்லுவல்ல. எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து அதையே நினைச்சுக்கிட்டுப் படுப்பேன். அந்த வியட்நாம் பொண்ணுங்க என்னைப் பார்த்து நின்னுச்சே, அப்பக்கூடப் பெருமையாத்தான் இருந்துச்சு. அந்த வெக்கம் உன்னாலன்னு சொல்ல முடியாது. அது என்னோடது."

கீழே குடோனில் எதையோ காற்று தட்டிக்கொண்டிருந்தது. தோக்கிகோவிடம் படியேறும்போது இருந்த கேள்விகளில் ஒன்றும் மிச்சமில்லை. கோபமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு திகைப்பு. நாற்பது வருஷம் ஒரே தொட்டியில் இருந்தோம், இரண்டு பேரும் வேறு வேறு தண்ணீரில் கிடந்திருக்கிறோம் என்பதுபோல ஒரு திகைப்பு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. இடத்துக்கு ஒன்றாக அவளிடம் எத்தனையோ மன்னிப்பு வாசகங்கள் உண்டு. அதில் எதை எடுத்தாலும் கடைக்காரி வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல இருந்தது.

"'சுன்-ஜா'ன்னு படிக்கணுமா?" என்று கேட்டாள் கடைசியில். "ஹாருகோங்கற எழுத்தை. மண்டபத்துல உன் பேருக்குப் பக்கத்துலயும் பொடி எழுத்துல போட்டிருந்துச்சே."

"ஆமா. ஆனா அப்படிக் கூப்பிடாத. அம்மா போனப்புறம் யாரும் கூப்பிட்டதில்ல. திடீர்னு கூப்பிட்டா யாரோன்னு திரும்பிப் பார்ப்பேன். ஹாருன்னே கூப்பிடு."

"சரி."

"பிடிச்சா கூப்பிடு. பிடிக்கலைன்னா விடு."

"சரிங்கறேன்ல."

ஹாருகோ எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். பித்தளைக் கிண்ணம் நிறையச் சூடான சோறும், ஒரு தட்டில் மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த அறையில் படத்துக்கு முன்னால் இருந்த தாழ்ந்த மேசையில் வைத்தாள். சோற்றில் உலோகக் கரண்டியை நிறுத்தினாள். "அண்ணன் பசி பொறுக்கமாட்டான்" என்றாள்.

தோக்கிகோவும் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஊதுபத்தியைத் தேடினாள், அது எப்போதோ ஏற்றிவைத்துப் பாதி எரிந்திருந்தது. தட்டுவதற்கு மணி இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. எந்தக் கோயிலில் எத்தனை முறை குனிவது, எந்தச் சாவுக்கு எந்த நிற நாடா என்று பேட்டை முழுக்க இவளிடம்தான் கேட்பார்கள். இங்கே கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"எப்படிடி கும்பிடணும்?"

"எனக்கு மட்டும் நல்லாத் தெரியுமா? இதெல்லாம் அண்ணன் செய்வான். நாங்க பொம்பளைங்க சமையல்கட்டுல நின்னு எட்டிப் பார்ப்போம்." ஹாருகோ கைகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். "இப்படின்னு நினைக்கிறேன். அப்புறம் மண்டி போட்டு, தலை தரையில படறமாதிரி."

தோக்கிகோ முத்துமாலை இல்லாத கழுத்தைச் சரிசெய்துகொண்டாள். கையை உயர்த்தினாள். மூட்டு வலியோடு மெல்ல இறங்கி, நெற்றியைப் பாயில் பதித்தாள். பக்கத்தில் ஹாருகோவும் பதித்தாள். பாய்க்கோரை வாசனை மூக்கில் ஏறியது. எவ்வளவு நேரம் இப்படி இருக்க வேண்டும் என்று தோக்கிகோவுக்குத் தெரியாது. ஹாருகோ தலையை எடுத்ததும் எடுக்கலாம் என்று, தலையை லேசாகச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். தரையில் கிடந்த ஹாருகோவின் முகமும் இவள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அவளும், இவள் எப்போது எழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தலையை எடுக்கவில்லை.